குதிரையின் முதுகில் ஏரா இல்லை

மரவேலையில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். எங்களை ஓடாவி என்பார்கள். தோணியும் வள்ளமும் கட்டுகிறவன். இப்போது பாதிக்கு மேல் ஃபைபர் படகில் விரிசல் ஒட்டுகிற வேலைதான். ஆனாலும் மரம் என்று வந்துவிட்டால் கீழவைப்பாரிலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் என்னைத் தேடித்தான் தூத்துக்குடிக்கு வருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேலை தெரிந்தவன் தெரியாதவன் போல் நெளிந்தால் எனக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்ட நான் ஒரு குதிரையிடம் தோற்றுப்போன கதை இது.

குதிரை என்னுடையதில்லை, என் மனைவியின் தங்கையுடையது. கொழுந்தியா பன்னிரண்டு வருஷம் தலையில் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவள். அவள் புருஷன் கப்பலில் போகிறவர். வருஷத்தில் எட்டு மாதம் ஆள் வாட்ஸப்பில்தான் இருப்பார். கழுத்து வலி தாங்காமல் ஒரு நாள் கூடையை இறக்கி வைத்தவள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஆட்களிடமிருந்து ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையை வாங்கி வந்துவிட்டாள். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று விடப்போகிறாளாம். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். மூன்றே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் குதிரைக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கூடை சுமந்த காலத்தில் குனிந்தே நடந்தவள், குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குதிரை அவளுக்கு என்னவாக இருந்தது என்று இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குதிரையோடு கிடைத்த பழைய சேணம் ஒரு நாள் முறிந்தது. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தாள்.

"அத்தான், உள்ள மரம் ஒடிஞ்சிருக்கு. சரி பண்ணித் தருவியளா?"

சேணத்துக்குள் மரச்சட்டம் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தோலை உரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு பலகை. அவற்றை முன்னால் ஒரு வளைவும் பின்னால் ஒரு வளைவும் சேர்த்துப் பிடித்திருந்தன. பலகை இரண்டுக்கும் நடுவே முழு நீளத்துக்கும் நாலு விரல் அகல வெளி. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"இத ஒட்டுப் போட்டு என்னத்துக்கு? புதுசாவே செஞ்சு தாரேன். எவனோ சோம்பேறி செஞ்சிருக்கான் ஏளா. நடுவுல மூடாமயே விட்டுட்டான் பாரு."

"பழசுல அப்படித்தான இருந்துச்சு. ஏதாச்சும் காரணம் இருக்காதா?"

"நீ மீனப் பத்திச் சொல்லு, கேட்டுக்கிடுதேன். மரத்த எங்கிட்ட விடு."

இதை நான் சொன்னபோது அவள் முகம் சுண்டியது. அதை அப்போது கவனிக்காதவன் இல்லை. கவனித்தும் விட்டுவிட்டேன்.

எங்கள் தொழிலில் இடைவெளி என்றால் பாவம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல் அளவு சந்து தெரிந்தாலும் பஞ்சுத்திரியும் குங்கிலியமும் வைத்து அடித்து இறுக்குவோம். அதற்குக் கலப்பத்து என்று பெயர். முப்பது வருஷம் கலப்பத்து அடித்த கை வெளிச்சம் தெரிகிற சந்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காது. அடைக்கத்தான் போகும்.

அளவு எடுக்க அவள் கொட்டகைக்குப் போனேன். குதிரை சாதுவானது. முன்பின் தெரியாத என்னையும் மோந்து பார்த்துவிட்டு என் சட்டைப்பையில் மூக்கை விட்டது. அதன் முதுகைத் தடவிப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. கவிழ்த்துப் போட்ட வள்ளம்தான் இது. நடுவில் ஓடும் முதுகெலும்பு ஏரா. இரண்டு பக்கமும் இறங்கும் விலா எலும்புகள் வங்கு. ஏரா என்பது படகின் அடியில் தலைமாடு கால்மாடாக ஓடும் தாய்மரம். வங்கு என்கிற குறுக்குச் சட்டமெல்லாம் அதன் மேல்தான் உட்காரும். படகின் மொத்தப் பாரத்தையும் அதுதான் தாங்கும். அப்படியென்றால் சேணமும் முதுகெலும்பைப் பிடித்து உட்கார்ந்தால்தான் ஆடாது, அசையாது. அந்த இடத்தில் எந்த ஓடாவியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். எல்லோருமாகச் சேர்ந்து தப்பாகச் சொல்லியிருப்போம்.

மெல்லிய பலகையை வெட்டி வெட்டி முதுகில் வைத்து அச்சு எடுத்தேன். வாகை மரத்தில் ஒரே கட்டையாகக் குடைந்தேன். நடுவில் முதுகெலும்பு அச்சு அசலாகப் பொருந்தும்படி ஒரு பள்ளம். வள்ளம் நீளமாக இருந்தால் அலையில் ஆடாது என்ற கணக்கில் சேணத்தையும் இடுப்பு வரை நீட்டினேன். மேலே ஸ்பாஞ்சு வைத்து, பைக் சீட்டுக் கடையில் கொடுத்துச் சிவப்பு ரெக்ஸின் போர்த்தி வாங்கினேன். குதிரை மேல் வைத்துப் பார்த்தபோது ஒரு காகிதம் நுழைய இடமில்லை. கொழுந்தியா கையால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"அழகா இருக்கு அத்தான்" என்றாள். எனக்கு வேறு என்ன வேண்டும்?

இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது வாரம் வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை திரும்பிக் கடிக்க வந்தது. ஆள் ஏறும்போது முதுகைப் பள்ளமாக இறக்கிக்கொண்டது. பிறகு ஒரு நாள் பிள்ளையை ஏற்றியதும் நடக்காமல் நின்றுவிட்டது. சேணத்தை எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பின் மேல் நீளமாக ஒரு வீக்கம்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுப் பெண். ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வீக்கத்தை விரலால் தொட்டார்; குதிரை துள்ளியது. சேணத்தைத் தலைகீழாகத் திருப்பி என் பள்ளத்தில் கையை ஓட்டினார்.

"இது யாரு செஞ்சது?"

"நாந்தான்."

"அண்ணாச்சி, முதுகெலும்பு மேல எதுவுமே படக் கூடாது. ரெண்டு பக்கமும் உள்ள சதைதான் வெயிட்ட வாங்கணும். நடுவுல காத்து போகணும். நீளமும் ஜாஸ்தி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால தாங்க ஒண்ணும் கிடையாது, வெறும் இடுப்பு."

"எல்லா இடமும் ஒண்ணு போலத்தான பொருந்தியிருக்கு டாக்டரம்மா? பிறகு எப்படி ஒரு இடத்துல மட்டும் அமுக்கும்?"

"ஆள் இல்லாதப்ப பொருந்தும். ஆள் ஏறினா சதை அமுங்கும், எலும்பு அமுங்காது. அப்ப எல்லா வெயிட்டும் எங்க போகும்?"

எனக்குக் கோபம் வந்தது. என் மகள் வயசுப் பெண் மரத்தைப் பற்றி எனக்குச் சொல்லுகிறாளே என்ற கோபம். அவர் சொன்னது மரத்தைப் பற்றியே இல்லை, சதையைப் பற்றி என்பது கூட மண்டையில் ஏறவில்லை. வீக்கம் வற்றும் வரை முதுகில் ஒரு துணி கூடப் போடக் கூடாது என்று சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார். கொழுந்தியா மருந்துக் கடைக்குப் போனாள். கொட்டகையில் நானும் குதிரையும் மட்டும்.

இனி வருவதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது.

மரத்தோடு மரம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒரு மரத்தில் காவியைக் குழைத்துத் தடவி இன்னொன்றின் மேல் அழுத்துவோம். எங்கே முட்டுகிறதோ அங்கே சிவப்பு ஒட்டும். காவி யாருக்காகவும் பொய் சொல்லாது. டாக்டரம்மா சொன்னது தப்பு என்று காட்ட எனக்கு அது போதும் என்று தோன்றியது. அளவெடுக்கக் கொண்டுவந்திருந்த உளிப்பெட்டியிலிருந்து காவியை எடுத்துக் குழைத்துச் சேணத்தின் அடியில் தடவினேன். குதிரையின் முதுகில் வெள்ளை வேட்டித் துண்டை விரித்தேன். சேணத்தை வைத்தேன். ஆள் ஏறினால்தானே தெரியும் என்று நானே ஏறினேன். பிள்ளைகள் ஏறுகிற குதிரை மேல் எண்பது கிலோ ஆள். ஒரே நிமிஷம்தானே என்று நினைத்தேன்.

குதிரையின் முன்னங்கால்கள் மடங்கின. அது கனைக்கவில்லை, மனுஷன் முனகுவது போல ஒரு சத்தம் போட்டது. நான் குதித்து இறங்கி, சேணத்தை இறக்கிவிட்டுத் துணியை உருவினேன். நடுவில் ஒரே ஒரு கோடு, சுண்டுவிரல் அகலம், அரக்குச் சிவப்பு. இரண்டு பக்கமும் பெரும்பாலும் வெள்ளை. டாக்டரம்மா சொன்னதை என் காவியே எழுதிக் காட்டிவிட்டது. கோட்டில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வீக்கம் உடைந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

துணியைச் சுருட்டி உளிப்பெட்டிக்குள் அடியில் தள்ளினேன். கொழுந்தியா வந்து அலறியபோது, "தானா உடஞ்சிட்டு ஏளா" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது.

மறுநாள் டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "நேத்து மேலாப்புல உள்ள வீக்கம் மாதிரித்தான இருந்துச்சு. எதையாவது மேல வச்சீங்களா?"

"கை கூட வைக்கல டாக்டரம்மா" என்றாள் கொழுந்தியா. அவள் அறிந்தவரை அது உண்மை. நான் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் படாம ஒரே நாள்ல உடைஞ்சிருக்குன்னா, உள்ள ஆழமா சீழ் கட்டியிருக்கலாம். எலும்பு வரைக்கும் போயிருந்தா இது இனி சவாரிக்கு ஆகாது. ஒரு வாரம் பார்ப்போம். ஆனா ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க."

டாக்டரம்மா போன பிறகு கொழுந்தியா குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

சேதி எப்படிப் பரவுமோ, ஐந்தாம் நாள் ரேக்ளா வண்டிக்காரர் ஒருவர் வந்தார். உள்நாட்டுப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறவர். குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்தார்; நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"வண்டியில பூட்ட முதுகு எதுக்கு தங்கச்சி? நெஞ்சும் காலும் போதும். இது ஓடும். ஓடலேன்னா ஓட வச்சிருவோம்." கையிலிருந்த சாட்டைக் கம்பைக் குதிரையின் தொடையில் லேசாகத் தட்டிச் சிரித்தார். குதிரை அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அன்று ராத்திரி கப்பலிலிருந்து அவள் புருஷனும் கொடுத்துவிடச் சொன்னாராம். மறுநாள் காலை சின்ன லாரி வந்து நின்றது. என்னையும் கூப்பிட்டிருந்தாள், ஏற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. கயிற்றை அவள் கையிலிருந்து நான் வாங்க வேண்டும். நீட்டினாள். கூடை சுமந்த காலத்தில் குனிந்திருப்பாளே, அதே குனிவு. குதிரை என்னைப் பார்த்ததும் காதுகளை ஒட்டிப் படியவைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அது லாரியைப் பார்த்துப் பயப்படுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அது யாரைப் பார்த்துப் பயந்தது என்று எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும்.

என்னால் கயிற்றை வாங்க முடியவில்லை.

பட்டறைக்குப் போய் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். துணியை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

"தானா உடையல ஏளா. நான் ஏறி உக்காந்தேன். நீ மருந்து வாங்கப் போனப்ப. டாக்டரம்மா சொன்னது பொய்யின்னு காட்டப் பாத்தேன். இது காவி..."

"எது காவி, எது ரத்தம்னு எனக்குத் தெரியும் அத்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவள் லாரிக்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சி, குதிர விக்கதுக்கில்ல, போய்ட்டு வாங்க" என்றாள். பிறகு டாக்டரம்மாவுக்கு போன் போட்டு நான் சொன்னதை அப்படியே சொன்னாள், என்னைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு. ஸ்பீக்கரில் டாக்டரம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று மட்டும் கேட்டார். பிறகு, "அப்ப வெயிட்டு பட்டுத்தான் தோல் கிழிஞ்சிருக்கு. ஆழமா இருக்காது. ஆறிரும்" என்றார். கொழுந்தியா அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்ததும் என்னிடம் சொன்னாள்: "புண்ணு ஆறுத வரைக்கும் இங்கன வராதிய."

போகவில்லை. பட்டறையில் நான் செய்த சேணத்தைக் கோடாலியால் பிளந்து போட்டுவிட்டு, முறிந்த பழைய சட்டத்தை மேஜை மேல் வைத்து உட்கார்ந்தேன். எவனோ சோம்பேறி என்று நான் சொன்ன அந்த முகம் தெரியாத ஆள் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. நடு வெளிதான் அதன் உயிர். பலகைகள் முன்னால் செங்குத்தாக நின்று, பின்னால் போகப் போகப் படுத்துக்கொண்டன. குதிரையின் முதுகும் அப்படித்தான் திரும்புகிறது. முன்முனை வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் ஓட இடம் வேண்டுமே. ஓரங்கள் உருண்டிருந்தன, சதையில் குத்தாமல் இருக்க.

இரண்டு வாரம் கழித்து அவளே வந்தாள். புதிதாகச் செதுக்கிய இரண்டு பலகையையும் நடுவே விட்டிருந்த வெளியையும் பார்த்தாள்.

"கூடைக்கு அடியில தலையில வைக்க சும்மாட்டுக்கு நடுவுல எதுக்கு ஓட்ட விடுதோம் தெரியுமா? உச்சியில பாரம் நின்னா மண்ட பொளந்துரும். சுத்தி இறங்கினாத்தான் சொமக்க முடியும். பன்னெண்டு வருசம் சொமந்தவ சொல்லுதேன். அன்னைக்கே கேட்டேன், காரணம் இருக்காதான்னு. கேட்டியளா நீங்க?"

"கேக்கல."

"இப்ப கேப்பியளா?"

கேட்டேன். பலகையை இன்னும் ஒரு விரற்கடை அகலமாக்கச் சொன்னாள். துணி அகலமாகச் சுற்றிய சும்மாடுதான் நெடுந்தூரம் வலிக்காதாம். உட்காரும் இடத்தின் பள்ளம் நடுவில் இருக்க வேண்டும், பின்னால் போகக் கூடாது என்றாள். கூடையில் மீன் ஒரு பக்கம் சரிந்தால் கழுத்து எப்படிக் கடுக்கும் என்று நடந்தே காட்டினாள். ஏறும்போது கால் வைக்கிற அங்கவடியின் வாரை ஒரே ஆணியில் தொங்கவிடாமல் பலகையின் நீளத்தில் பாரம் பரவும்படி கட்டினேன். அது என் யோசனை. அதையாவது நான் சொல்லிக்கொள்கிறேன்.

புண் ஆறிப் புதுத்தோல் கெட்டியான பிறகு டாக்டரம்மா வந்து நின்று, காவியை மறுபடி தடவச் சொன்னார். சேணத்தை நான் வைக்கவில்லை. வைக்க முடியாது, நான் பத்தடி தூரத்தில் வந்தாலே குதிரைக்கு முதுகுத்தோல் நடுங்கும். மதிலுக்கு வெளியே நின்றுகொண்டேன். கொழுந்தியா வைத்தாள், அவளே மெதுவாக ஏறினாள், இரண்டு சுற்று நடந்தாள். துணியை மதில் மேல் எனக்கு நீட்டினாள். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புப் பட்டை. நடுவில் ஒரு பொட்டு காவி கூட இல்லை. இடது பக்கம் முன்னால் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. பட்டறைக்கு எடுத்துப்போய் ஒரு இழை சீவினேன். மறுபடி வைத்துப் பார்த்தார்கள். மறுபடி சீவினேன். நாலாவது தடவை இரண்டு பட்டையும் ஒரே நிறமாக வந்தன. எனக்கு வேலை தெரியும் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? தெரியும்தான்.

இப்போது குதிரை தினமும் கடற்கரையில் நிற்கிறது. முதுகைப் பள்ளமாக இறக்குவதில்லை, கடிக்க வருவதில்லை. பெரிய ஆட்கள் ஏறக் கேட்டால் கொழுந்தியா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிடுகிறாள். நான் போனால் என் வாடை அதற்கு எட்டாதபடி, காற்று குதிரையிடமிருந்து என் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்துத் தள்ளி நின்றுகொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேணம் போடுவதற்கு முன்னால் வரிசையில் முதலாவதாக ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். புண் ஆறிய இடத்தில் முடி பழுப்பாக முளைக்கவில்லை. சுண்டுவிரல் அகலத்துக்கு நீளமாக வெள்ளையாகத்தான் முளைத்திருக்கிறது. இனி அது மாறாதாம். பிள்ளை அதைப் பார்த்துவிட்டது.

"இந்த வெள்ளக் கோடு யாரு போட்டா?"

கொழுந்தியா சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி நான் நிற்கிற பக்கம் பார்த்தாள்.

"நாந்தாம்மா" என்றேன்.

"அழகா இருக்கு மாமா" என்றது பிள்ளை.

கொழுந்தியா அந்தக் கோட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, அதன் மேல் படாமல் சேணத்தை வைத்தாள்.